916 முத்திரை தோட்டுக்கு உண்டு, கேப்புக்கு?

சிங்கப்பூர் தேக்காவில் தோடு வாங்கப் போனால் அம்மா முதலில் திருப்பிப் பார்ப்பது 916 முத்திரையைத்தான். கடைவாய்ப் பல்லுக்குக் கேப், அதாவது பல்லின் மேல் ஒட்டும் உறை, போட வேண்டும் என்றதும் அதே அம்மா, "எது மலிவோ அதையே போடச் சொல்லுப்பா" என்றார். கிளினிக்கில் மூன்று விலை சொன்னார்கள். உள்ளே நிக்கல் குரோமியம், மேலே பீங்கான், உள்ளே கோபால்ட் குரோமியம், மேலே அதே பீங்கான், முழுக்க ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகை. "எல்லாத்துக்கும் சர்டிஃபிகேட் இருக்கு" என்றார் கவுண்டரில் இருந்த பெண். என்ன சர்டிஃபிகேட்? "ஐஎஸ்ஓ 13485."

அது தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. சமையலறை சுத்தம், சரி; குழம்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? அதற்கு அதே ஐஎஸ்ஓவில் 10993 வரிசை இருக்கிறது: பொருள் செல்லைக் கொல்கிறதா, ஒவ்வாமை தருகிறதா என்ற சோதனைகள். பல் உலோகத்துக்கென்று 22674, பீங்கானுக்கும் ஜிர்கோனியாவுக்கும் 6872. கேட்க வேண்டியது இந்த எண்களைத்தான்.

நிக்கல்தான் மலிவு. 22674 அதைத் தடை செய்யவில்லை, 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெட்டியில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். பெரிலியம், காட்மியம் போன்றவற்றுக்குத்தான் 0.02 சதவீதம் என்று கடிவாளம். ஆக, எல்லாச் சான்றும் சரியாக உள்ள நிக்கல் கேப்கூட ஒருவருக்கு ஆகாமல் போகலாம். அம்மா நிக்கல் கலந்த கவரிங் தோடு போட்டால் மறுநாளே காது மடல் சிவந்து நீர் வடியும். அதோடு நிக்கல் கதை முடிந்தது.

கோபால்டில் பெரும்பாலும் நிக்கல் இருக்காது, ஆனாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2021 அக்டோபர் முதல் ஐரோப்பா கோபால்டைப் புற்றுநோய் வகைப் பொருள்களில் சேர்த்திருக்கிறது. அதற்காகக் கேப்பைப் பிடுங்க வேண்டியதில்லை. அதைத் தேய்த்து மெருகேற்றும், கேப் செய்யும் லேப்பின் ஊழியர் மூச்சில் போகும் தூசிதான் பெரிய கவலை.

ஜிர்கோனியாவில் வேறு சங்கதி. நாலு பல்லோ அதற்கு மேலோ சேர்த்துச் செய்யும் பிரிட்ஜ் என்றால், வளைத்தாலும் உடையாமல் தாங்க 6872 கேட்கும் வலிமை 800 மெகாபாஸ்கல். ஒற்றைப் பல்லுக்கு அதைவிடக் குறைவே போதும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது கதிரியக்க வரம்பு. இந்தத் தாது மண்ணோடு யுரேனியமும் கொஞ்சம் வரும் என்பதால், யுரேனியம் 238 ஒரு கிராமுக்கு 1 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. கேப்பைச் செதுக்கி எடுக்கும் ஜிர்கோனியாக் கட்டி பெயர் தெரியாத மலிவுச் சரக்காக இருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

அப்புறம் முத்திரைகள். 'எஃப்டிஏ பதிவு' (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) என்று பளபளக்கும் தாள் காட்டினால் மயங்க வேண்டாம். எஃப்டிஏ பதிவுச் சான்றிதழே கொடுப்பதில்லை. பொருளை விற்க எஃப்டிஏ தந்த அனுமதியைக் காட்டும் 510(கே) எண் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஐரோப்பாவின் சிஇ முத்திரை என்றால், இந்த வகைப் பொருளில் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்க வேண்டும். நமக்குக் கைக்கெட்டும் வழி, சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவச் சாதனப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பொருளின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் கேப் போட்டாலும் சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவச் சாதனங்களுக்கான 737ஆம் சட்டம் அங்கே 2012லேயே வந்துவிட்டது, பதிவேடும் தனியாக உண்டு. கேப் கழன்றால் மறுபடி எல்லைப் பாலமான காஸ்வேயில் கால் கடுக்க நிற்க வேண்டும், அதுதான் சிக்கல்.

ஒன்று மட்டும் எங்கே போனாலும் மாறாது. பதிவாவது கட்டியும் உலோகமும்தான். அம்மாவின் பல்லுக்கென்று செதுக்கிய கேப்பில் எந்த முத்திரையும் இருக்காது. அதனால் ஜிர்கோனியாவே போதும் என்று சொல்லிவிட்டு, லேப்பிலிருந்து கட்டியின் பெயரும் எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண்ணும் கேட்டேன். கவுண்டர் பெண் கொஞ்சம் முறைத்தார். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் படம் வந்தது. அதைப் பதிவேட்டில் தேடிப் பார்த்த பிறகுதான் கேப் ஒட்ட நாள் குறித்தோம்.