டெல்டாவில் ‘நாட்டுப்புற இசை வார இறுதி’ டிக்கெட்: பணம் கட்டும் முன் படியுங்கள்

தை மாதம் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு விடுதித் தோட்டத்தில் இரண்டு நாள் நாட்டுப்புற இசை விழா என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் சுற்றியது. தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,500 ரூபாய். கரகாட்டம், நையாண்டி மேளம், தப்பாட்டம், பொய்க்கால் குதிரை, அதுவும் விடிய விடிய. போனவர்களுக்குக் கிடைத்தது நாலு பேர் அடித்த தப்பு (பறை), கீபோர்டில் நாதஸ்வரம், பென்டிரைவ் பாட்டுக்கு ஆடிய ஒரே ஒரு கரகம். முதல் நாள் ராத்திரி 10 மணிக்குப் போலீஸ் வந்து நிறுத்தியது. மறுநாள் மத்தியானமே பந்தலைப் பிரித்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர் போனை எடுப்பதில்லை. ஆடியவர்களைத் திட்டாதீர்கள், அவர்களுக்கும் அட்வான்ஸுக்கு மேல் ஒரு காசு வரவில்லை.

பங்குனி, சித்திரையில் இதே மாதிரி போஸ்டர்கள் இன்னும் வரும். அசல் ஏற்பாட்டாளரா என்பது நாலு கேள்வியில் தெரிந்துவிடும்.

முதலில், செட்டில், அதாவது ஆட்டக் குழுவில், யார் யார் என்று கேளுங்கள். கரகாட்டம் நையாண்டி மேளத்துக்கு ஆடுவது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு அல்லது உறுமி, தாளம் என்று மேளம் மட்டுமே ஏழெட்டுப் பேர். ஆடுபவர்கள், கோமாளி தனி. “மொத்தம் அஞ்சு பேர் சார், சூப்பரா பண்ணுவாங்க” என்றால் மேளம் பென்டிரைவில் வருகிறது என்று அர்த்தம். செட் தலைவரின் நம்பரை வாங்கி அவரிடமே பேசுங்கள். அச்சாரம் கொடுத்தாயிற்றா, எந்தத் தேதிக்கு என்று அவரே சொல்லிவிடுவார்.

அடுத்தது, தப்பு காய்ச்ச இடம் உண்டா? அந்த விழாவே இதில்தான் படுத்தது. தப்பின் சட்டம் மரத் துண்டுகளை வளையமாகச் சேர்த்தது; அதன்மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு இழுத்து ஒட்டியிருப்பார்கள். தைப் பனியில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால்தான் விறைக்கும். ஆட்டத்துக்கு நடுவிலும் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும், அளவு மீறினால் தோல் வெடிக்கும். புல்தரை கருகிவிடும் என்று விடுதிக்காரர் நெருப்பே மூட்டவிடவில்லை. அரை மணியில் சத்தம் பொத்தென்று இறங்கிவிட்டது. அதை மறைக்க மைக்கைத் தோலுக்கு ஒட்டி வைத்து வால்யூமை ஏற்றியதும் ஸ்பீக்கர் இரைந்ததுதான் மிச்சம். ஃபைபர் தோல் போட்டால் காய்ச்சும் வேலை இல்லை. ஆனால் அந்த நாதத்துக்கு 4,500 ரூபாய் அதிகம்.

‘விடிய விடிய’ என்ற வார்த்தையைக் கண்டால் அனுமதிக் கடிதம் கேளுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்கவே எழுத்து மூலமான அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை தடை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் எழுதி வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளி மேடை போடுகிறவர், ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்.

இன்னொரு வகை, இலவச விழாவுக்கு ‘விஐபி பாஸ்’ விற்பது. திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கும் பெரிய கோயில் சதய விழாவுக்கும் டிக்கெட் கிடையாது. ஆராதனை நாட்டுப்புற இசையும் இல்லை, கர்நாடக சங்கீதம். பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கூடிப் பாடுவது புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் திதி) அன்று. திதி எந்தக் கிழமையிலும் வரும். சனி, ஞாயிறு பேக்கேஜில் ‘பஞ்சரத்னம் உண்டு’ என்று போட்டிருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

விழா ஸ்டாலில் ‘நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம்’ வாங்க வேண்டாம். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயருக்கு விலை ஏறிவிட்டது. அசல் ஆச்சா மரத்தில், பெரும்பாலும் பழைய வீடுகளைப் பிரித்த கட்டையில் கடைவது. ஸ்டாலில் இருப்பது வேறு மரத்துக்கு வார்னிஷ் அடித்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆடுதுறைக்குப் பக்கத்தில்தான் ஊர். வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போய், சீவாளி (ஊதும் நாக்கு) போட்டு ஊதிப் பார்த்து வாங்குங்கள்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் போஸ்டர், சாட், யுபிஐ பரிவர்த்தனை எண் மூன்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டுப் போவது இவர்கள் வழக்கம். விழாவே நடக்காமல் ஆள் மறைந்திருந்தால் அது சைபர் மோசடி, உடனே 1930-க்கு அழையுங்கள். நடத்தி, ஆனால் சொன்னதைத் தராமல் விட்டிருந்தால் சேவைக் குறைபாடு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து, தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சேர்ந்து போன பத்துப் பேர் ஒரே மனுவாகப் போட ஆணையத்தின் அனுமதியும் கேட்கலாம்.