தும்பி: பூச்சியா, மரமா?

பழைய பாட்டிலோ மூலிகைச் சுவடியிலோ 'தும்பி' வந்தால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். சிறை (சிறகு), தாது (மகரந்தம்), தேன் இருந்தால் பூச்சி. கட்டை, இலை, பழம் இருந்தால் மரம்.

பூச்சியில்தான் சிக்கல் அதிகம். குறுந்தொகை 2-ஆம் பாடலின் 'அஞ்சிறைத் தும்பி' பூப்பூவாகத் தேன் தேடுவது. ஆகவே அது வண்டினம். இன்று இயற்கை ஆர்வலர்கள் தும்பி என்பதோ தட்டானை. தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் சம்பா வயல்மேல் பறக்கும் தட்டான் தேனை நாடாது. கொசுவையும் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சியையும் பிடித்துத் தின்னும். அதன் இளம்பருவம் தண்ணீருக்குள்ளேயே கழியும். அதைக் குறுந்தொகைக்குள் கொண்டுபோய் வைத்தால் பாட்டே கெட்டுவிடும். மலையாளத்தில் தும்பி தட்டான்தான் என்றாலும், தெலுங்கின் தும்மெதவும் கன்னடத் தும்பியும் வண்டையே குறிக்கின்றன. வண்டு என்பதே மூத்த பொருள் என்பது எங்கள் கருத்து.

மரத்தின் கதை வேறு. தெலுங்கில் மரம் துமிகி, பூச்சி தும்மெத. தமிழில் வடிவம் ஒன்றாகிவிட்டது, அவ்வளவே. ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாகக் கொள்ள இடமில்லை. கருந்தும்பி என்றும் சொல்லப்படும் இந்த மரம் கருங்காலிக்கு உறவு, பீடி சுற்றும் இலைக்குப் பெயர்பெற்றது. வறண்ட காட்டு மரம். டெல்டா நஞ்சையில் தேட வேண்டாம்.