கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்ய எந்த மருந்து, எந்த வேளையில்?

கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனையில் குடலின் சுவர் முழுதும் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். சிறிதளவு கழிவு படிந்திருந்தாலும் தட்டையான சிறு பாலிப்புகள் (குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகள்) அதன் அடியில் மறைந்துவிடும். ஆகவே எந்தப் பேதி மருந்தைக் குடிப்பது என்பதை நோயாளி அக்கறையோடு கேட்டறிய வேண்டும்.

முதலில் கருத வேண்டியது, சுருக்கமாக ‘பெக்’ எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல். 1980 முதல் வழக்கிலுள்ள இது குடலில் உறிஞ்சப்படுவதில்லை; தன்னோடு பிடித்துவைத்த நீரால் குடலை அலசிக்கொண்டு வெளியேறுகிறது. உடன் கலந்துள்ள உப்புகள் சமன்செய்யப்பட்டிருப்பதால், உடலின் நீரும் உப்பும் பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. சிறுநீரகக் கோளாறோ இதயப் பலவீனமோ உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதையே முதலில் எழுதுவதற்கு அதுவே காரணம். இதன் குறை அளவிலும் சுவையிலும் இருக்கிறது: உப்புக் கரிக்கும் 4 லிட்டரைக் குடித்து முடிக்க இயலாமல் பாதியில் விட்டுவிடுவோர் பலர். 2 லிட்டரில் முடியும் வகைகளும் உள்ளன. அவற்றுள் அஸ்கார்பிக் அமிலம் சேர்ந்தவற்றை ஜி6பிடி என்னும் சிவப்பணு நொதியின் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மற்றொரு பேதி மருந்தான சோடியம் பாஸ்பேட்டின் கவர்ச்சி அதன் குறைந்த அளவுதான். வழக்கமாக 45 மில்லிலிட்டர் வீதம் இரு வேளை போதும். ஆனால் அது உடலின் நீரையே குடலுக்குள் இழுப்பது; பாஸ்பேட் படிகங்கள் சிறுநீரகக் குழல்களில் படிந்து நிரந்தரச் சேதம் விளைவித்த நிகழ்வுகளை அடுத்து, 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. 55 வயதைக் கடந்தவர்களும், சிறுநீரக நோயாளிகளும், நீர்பிரியும் மாத்திரையோ சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளோ உண்பவர்களும் குறைந்த அளவுக்காக இதைத் தேர்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

சோடியம் பிக்கோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த பொடி குடிக்க எளிது. எனினும் சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மெக்னீசியம் தேங்கக்கூடும். இதைக் குடித்த பின் வெறும் தண்ணீரை மட்டுமே அருந்தினால் இரத்தத்தில் சோடியம் குறைய வாய்ப்புண்டு; இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், உப்பிட்ட தெளிந்த சூப் போன்றவற்றையும் மாற்றி மாற்றி அருந்தலாம். மானிட்டால் என்னும் இனிப்பான பேதி மருந்தைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குகின்றன. பாலிப்பை மின்சூட்டால் அகற்றும்போது அந்த வாயு வெடித்த நிகழ்வுகள் உண்டு. எனிமா குடலின் இடப்புறக் கடைப்பகுதியை மட்டுமே சுத்தம் செய்யும். முழுக் குடலையும் காணும் பரிசோதனைக்கு அது மட்டும் போதாது.

எதைக் குடித்தாலும், அதை எப்போது குடிக்கிறோம் என்பது மருந்தின் தேர்வுக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. முழு மருந்தையும் முந்தைய மாலையிலேயே குடித்துவிட்டால், சிறுகுடலிலிருந்து இரவு முழுதும் வடியும் பித்தமும் சளியும் வலப்புறப் பெருங்குடலின் மீது மீண்டும் பூசிக்கொள்கின்றன. பாதியை முந்தைய மாலையில் குடித்து, மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, 2 மணி நேரம் முன்பாவது முடித்துவிடுவதே சிறந்தது. இதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழ நேர்ந்தாலும், அந்தத் தூக்கத்தை இழக்கலாம் என்பேன்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை, முழுத் தானியம் ஆகியவற்றைத் தவிர்த்துக் குழைந்த வெள்ளைச் சோறு போன்ற சக்கையற்ற உணவை உண்ண வேண்டும். சிவப்பு நிறப் பானங்கள் இரத்தம் போல் தோன்றிக் குழப்பும். மருந்து முடியும்போது வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். கலங்கலாகவே இருந்தால், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே செவிலியரிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.