கருவியா, கேள்வியா?

உளவியலாளர் போலீசுக்கு உதவுகிறார் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பொய் கண்டறியும் கருவிதான். சென்னையில் மயிலாப்பூர் தடய அறிவியல் துறை அலுவலகம் பக்கம் போனால் எனக்கும் அதே ஞாபகம். ஆனால் அந்தக் கருவி அளப்பது மூச்சு, ரத்த அழுத்தம், தோலின் வியர்வை, பொய்யை அல்ல. பயந்த நிரபராதிக்கும் வியர்க்கும். சம்மதமில்லாமல் இந்தச் சோதனை கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதித்தாலும் முடிவு மட்டுமே சாட்சியமாகாது.

உளவியலாளர் உதவும் இன்னொரு வழி, 1980-களில் ஃபிஷர், கைசல்மன் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய நினைவுமீட்பு விசாரணை, அதாவது சாட்சி பார்த்ததை நினைவுக்குக் கொண்டுவரும் கேள்வி முறை. ரங்கநாதன் தெருவில் சங்கிலி பறிபோனதைப் பார்த்த அம்மாவிடம் "வண்டி நம்பர் என்ன?" என்று பாய்வதில்லை. "கண்ணை மூடிக்கோங்கம்மா, எந்தக் கடை வாசல்ல நின்னீங்க? என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று அந்த இடத்துக்கே கூட்டிப்போவார்கள். அற்பமாகத் தோன்றுவதையும் சொல்லச் சொல்வார்கள். பிறகு நடந்ததைக் கடைசியிலிருந்து தொடக்கம்வரை தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். நடுவில் குறுக்கிடக் கூடாது. (நம்மூரில் அதுதான் கஷ்டம்!) கூடுதலான சரியான தகவல் கிடைக்கிறது, தவறுகளும் கொஞ்சம் கூடலாம். நேரம் பிடிக்கும். வாய் திறக்க மறுக்கும் சந்தேக நபரிடம் எடுபடாது.

சாட்சி என்றால் என் ஓட்டு கேள்விக்கே.