பிஜிஇ2 செரினால் அமைடு: ‘நிலையானது’ என்பது எதுவரை?

பிஜிஇ2 என்பது புரோஸ்டாகிளாண்டின் இ2, உடலில் செல்களுக்குச் செய்தி சொல்லும் ஒரு கொழுப்பு மூலக்கூறு. 2-அராக்கிடோனாயில் கிளிசரால் என்ற உடல் கொழுப்பிலிருந்து காக்ஸ்-2 என்ற நொதி வழியாகப் பிறக்கும் அதன் கிளிசரைல் எஸ்டரை வைத்து ஆய்வகத்தில் வேலை செய்வது பெரும் தொல்லை. எலி பிளாஸ்மாவில் எஸ்டரின் அரை ஆயுள் 14 நொடிதான்; மனித பிளாஸ்மாவில் 10 நிமிடத்துக்கு மேல் தாங்கும். போதாக்குறைக்கு, அசைல் தொகுதி (எஸ்டரின் பிஜிஇ2 பகுதி) கிளிசராலின் நடுக் கார்பனிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துவிடும். கடைசியில் கையில் இருப்பது ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பங்கு 1-எஸ்டர், அதாவது ஓரக் கார்பனில் ஒட்டிய வடிவம்.

இந்த இரண்டு தொல்லைகளையும், எஸ்டருக்குப் பதிலாக விற்கப்படும் செரினால் அமைடு உண்மையிலேயே தீர்க்கிறது. எஸ்டர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன். எஸ்டர் பிணைப்பை வெட்டும் எஸ்டரேஸ் நொதிகள் இதை எளிதில் வெட்டாது, நடுநிலை பிஎச்சில் இடமும் மாறாது. வாங்கலாம், தாராளமாக.

ஆனால் புட்டியில் உள்ள ‘நிலையானது’ என்ற சொல் அந்த ஒரு பிணைப்புக்கு மட்டுமே. வளையம் அதே பழைய பிஜிஇ2 வளையம்தான். காரம் பட்டால் நீர் இழந்து பிஜிஏ2 என்ற வேறு புரோஸ்டாகிளாண்டின் வகையாக மாறும். ஆகவே எத்தனால் கரைசலை மென்மையான நைட்ரஜன் ஓட்டத்தில், சூடாக்காமல் ஆவியாக்கி, உலர்ந்த உடனே டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்க்க வேண்டும். மூலக்கூறு எடை 425.6, 1 மி.லி.யில் 1 மி.கி. என்றால் 2.35 மில்லிமோலார். சிறு பங்குகளாகப் பிரித்து −20° செல்சியஸில் வைக்கவும். நீர்க்கரைசலை அன்றன்றே தயாரித்து, மிச்சத்தைக் கொட்டிவிடவும்.

அளவிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். நிறைமாலைமானியில் அமைடின் புரோட்டானேற்ற அயனி 426.3, எஸ்டருக்கு 427.3. அமைடில் 23 கார்பன் இருப்பதால், கார்பன்-13 காரணமாக அதன் அயனிச் செறிவில் கால் பங்கு அளவுக்கு 427.3-இலும் ஓர் உச்சி எழும். இரண்டையும் குரோமட்டோகிராஃபி நிரலில் முதலில் பிரிக்காமல் நிறையை மட்டும் நம்பினால், இல்லாத எஸ்டர் இருப்பதாகத் தெரியும். எதிர்ப்பொருளைக் கொண்டு அளவிடும் எலைசாவும் கைகொடுக்காது: பிஜிஇ2 எதிர்ப்பொருள்களை உருவாக்கும்போது பொதுவாகக் கார்பாக்சில் முனையைத்தான் புரதத்தோடு பிணைக்கிறார்கள், அதனால் அமைடையும் அவை பிஜிஇ2 என்றே பிடித்துக்கொள்ளக்கூடும்.

செல்களுக்கு 1 மைக்ரோமோலார் அமைடு கொடுத்து, அதில் நூற்றில் ஒரு பங்கு வெட்டுப்பட்டாலே 10 நானோமோலார் பிஜிஇ2. செல்லில் பிஜிஇ2-ஐ ஏற்கும் இபி4 ஏற்பியைத் தூண்ட அது தாராளம். அமைடு வெட்டுப்படாது என்று யாரும் எண்ண வேண்டாம். 2001-இல் கண் அழுத்த நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிமாடோப்ரோஸ்டும் அமைடுதான், கண் திசுவில் அது அமிலமாக மாறுவது தெரிந்ததே. ஆகவே தனி பிஜிஇ2 கொடுத்த குழி ஒன்று, பிஜிஇ2 ஏற்பிகளான இபி2, இபி4-இன் தடுப்பான்களை அமைடோடு சேர்த்த குழி ஒன்று, செல் இல்லாத ஊடகம் ஒன்று, இம்மூன்றும் ஒவ்வொரு சோதனைத் தட்டிலும் இருக்கட்டும்.

எஸ்டர் தூண்டும் பி2ஒய்6 ஏற்பி குறித்த ஆய்வுக்கு அமைடை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். எஸ்டரையும் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.