பேசிக் இன்ஸ்டிங்க்ட்: கேசட்டுல இருந்து 4கே வரைக்கும் வச்சுப் பாத்த அனுபவம்

இந்தப் படத்தோட டிஸ்க் வச்சிருக்கேன்னு சொன்னா போதும், கேக்குறவர் யாரா இருந்தாலும் முதல் கேள்வி "அன்கட்டா?" அப்படின்னுதான் வரும், அதாவது எதையும் வெட்டாத முழு வெர்ஷனான்னு. பிக்சர் எப்படி, சவுண்ட் எப்படி, படமாவது எப்படி, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கொலைய விசாரிக்குற போலீஸ்காரன் சந்தேகத்துக்கு ஆளான பொண்ணுகிட்டயே மயங்குற த்ரில்லர், 1992 மார்ச்ல அமெரிக்காவுல ரிலீஸ் ஆன படம், முப்பது வருஷம் தாண்டியாச்சு, இன்னமும் அதே கேள்வி. நான் இதை வாடகை கேசட், டிவிடி, ப்ளூரே, இப்ப 4கே டிஸ்க்குன்னு எல்லா ரூபத்துலயும் பாத்துட்டேன், சிலது இன்னும் ஷெல்ஃப்ல இருக்கு. இவ்வளவு நாள் வச்சுப் பாத்ததுல எனக்குத் தோணுறது என்னன்னா, அன்கட்டா இல்லையாங்கிறதெல்லாம் அப்புறம், முதல்ல ஃப்ரேம் முழுசா இருக்கா, அதைக் கேளுங்க.

சரி, அந்த அன்கட் சமாச்சாரத்த முடிச்சிடுவோம். அமெரிக்க ரேட்டிங் போர்டு இதுக்கு என்சி-17, அதாவது பெரியவங்க மட்டும் பாக்கலாம்ங்கிற ரேட்டிங் குடுக்கப் பாத்துச்சு, அது வந்தா நிறைய தியேட்டர்ல படத்தையே போட மாட்டாங்க, விளம்பரம் குடுக்குறதும் கஷ்டம், அதனால டைரக்டர் பால் வெர்ஹோவன் திரும்பத் திரும்ப கை வச்சு அனுப்பி கடைசில அதவிட ஒரு படி கம்மியான ஆர் ரேட்டிங் வாங்கினார். அதுக்காக மொத்தம் போனது 35ல இருந்து 40 செகண்ட், அவ்வளவுதான். அதுலயும் முக்கால்வாசி வெட்டே கிடையாது, அதே சீன வேற ஆங்கிள்ல எடுத்து வச்சிருந்தத மாத்திப் போட்டுட்டாங்க. ஐரோப்பாவுல தியேட்டர்லயே முழுசா ஓடுச்சு. அமெரிக்காக்காரங்களுக்கு மட்டும் வீடியோல 'அன்ரேட்டட்'னு கவர்ல கொட்டை எழுத்துல போட்டு தனியா வித்தாங்க, அங்க பிடிச்ச வியாபாரம் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

ரெண்டு வெர்ஷனையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாத்தா, ஆரம்பத்துல வர்ற அந்தக் கொலை முழு வெர்ஷன்ல ரொம்பவே கோரம், ஐஸ் பிக், அதாவது ஐஸ் கட்டி உடைக்குற கூரான கம்பி, இறங்குறது நேராவே தெரியும், ராப் பாட்டின் செஞ்ச மேக்கப் வேலை அது. மைக்கேல் டக்ளஸ் நடிச்ச போலீஸ்காரன் நிக்கும், ஷரன் ஸ்டோன் நடிச்ச கேத்தரினும் (கொலைச் சந்தேகம் இவங்க மேலதான்) வர்ற படுக்கை சீன் கொஞ்சம் நீளம், அதுல புதுசா தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல. ஆனா நிக்கும் போலீஸ் சைக்காலஜிஸ்ட் பெத்தும் வர்ற சீன் இருக்கே, அது மட்டும் உண்மையிலேயே வித்தியாசப்படுது. முழு வெர்ஷன்ல அவன் அந்தப் பொண்ணுகிட்ட நடந்துக்கிறது பாக்கவே சங்கடமா இருக்கும், மைக்கேல் டக்ளஸ ஹீரோவா நினைச்சு உக்காந்திருந்த ஆளு அங்கயே நெளிய ஆரம்பிச்சுடுவான், அப்படி நெளியணும்னுதான் டைரக்டரும் எடுத்திருக்கார். கிளுகிளுப்புக்காக அன்கட் தேடுறவங்களுக்கு கடைசில கிடைக்கிறது இதுதான், அதனாலதான் பாதிப் பேரு "இவ்வளவுதானா"ன்னு கேக்குறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்தப் படத்த கேமராமேன் யான் டி போன்ட் பனாவிஷன் அனமார்ஃபிக் லென்ஸ்ல 2.39:1 ஸ்கோப்ல எடுத்தார், அதாவது நல்ல அகலமான ஃப்ரேம். கேசட் காலத்து டிவி எல்லாம் 4:3 டப்பா. அதுல திரை ரொம்புற மாதிரி காட்டணும்னா ரெண்டு பக்கமும் வெட்டி, யாரு பேசுறாங்களோ அவங்க பக்கமா படத்த நகத்தி நகத்திக் காட்டணும், பேன் அண்ட் ஸ்கேன்னு சொல்லுவாங்க. கணக்குப் போட்டா படத்தோட அகலத்துல 44 சதவீதம் காலி. 40 செகண்டுக்கு அவ்வளவு சண்டை போட்ட ஜனம், ரெண்டு மணி நேரமும் பாதிப் படம் காணாமப் போனதுக்கு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க!

எல்லாரும் பேசுற அந்த விசாரணை சீனையே எடுத்துக்கோங்க. ஷரன் ஸ்டோன் வெள்ளை டிரஸ்ல ஒத்த நாற்காலில உக்காந்திருக்காங்க, எதிர்ல வரிசையா ஆம்பளைங்க, எல்லாரும் சட்டம் பேசுறவங்க, பெரிய ரூம், செவுத்துல கட்டம் கட்டமா வெளிச்சம். ஸ்கோப்ல பாத்தா அந்தம்மா பேசப் பேச எதிர்ப்பக்கம் ஒவ்வொருத்தர் மூஞ்சியும் எப்படி மாறுதுன்னு ஒரே ஷாட்ல தெரியும், ஒருத்தர் தொண்டையக் கனைக்கிறார், ஒருத்தர் பக்கத்து ஆளப் பாக்குறார், நடிகர் வெய்ன் நைட் வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருக்கார். விசாரிக்க வந்தவங்கள அந்தம்மா விசாரிக்குறாங்க, சீனே அதுதான். கேசட்ல இது மொத்தமும் போச்சு, ஒரு மூஞ்சி, அப்புறம் இன்னொரு மூஞ்சி, நடுவுல யாரும் இல்ல. அப்ப மிச்சம் என்ன இருக்கும், அந்தம்மா காலை மாத்திப் போடுற அந்த ஒரு ஷாட்டுதான், ஜனங்க ரீவைண்ட் பண்ணிப் பண்ணி பாஸ் (pause) போட்டு டேப் தேஞ்சு அந்த இடத்துல மட்டும் கோடு கோடா ஓடும். வாடகைக்கு எடுத்த கேசட்ல எந்த இடத்துல கோடு வருதுன்னு பாத்தாலே ஊரோட ரசனை தெரிஞ்சிடும்.

டிவிடி வந்தப்ப இன்னொரு கூத்து. நம்ம ஊரு, ஐரோப்பா எல்லாம் பால் (PAL)ங்கிற டிவி சிஸ்டம், செகண்டுக்கு 25 ஃப்ரேம். சினிமா ஓடுறது 24. அதனால பால் டிஸ்க்ல படம் நாலு சதவீதம் வேகமா ஓடும், 128 நிமிஷப் படம் 123 நிமிஷத்துல முடிஞ்சிடும். இது தெரியாம "அஞ்சு நிமிஷம் கட் பண்ணிட்டாங்க, ஏமாத்து"ன்னு கொதிச்சவங்க எத்தனை பேருன்னு நினைக்கிறீங்க, இன்னமும் கூட யாராவது ஒருத்தர் இத தூக்கிட்டு வருவார். கட் எதுவும் இல்லய்யா, வேகம்தான். ஆனா அதுலயும் ஒரு நஷ்டம் இருக்கு, சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் மேல ஏறிடும். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தோட மியூசிக் இதுல பாதி உயிர், ஆஸ்கருக்கு நாமினேட் ஆன ஸ்கோர், அந்த வயலினெல்லாம் மெதுவா வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும், பால் டிவிடில கேட்டா ஏதோ அவசரத்துல இருக்கிற மாதிரி இருக்கும். ப்ளூரேல முதல் தடவ ஒழுங்கான வேகத்துல கேட்டப்ப வேற ஆர்கெஸ்ட்ராவோன்னு தோணுச்சு.

2001ல அமெரிக்காவுல ஆர்டிசன் கம்பெனி போட்ட கலெக்டர்ஸ் எடிஷன் டிவிடி பத்தி சொல்லாம விட முடியாது. ஐஸ் கட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு, கூடவே ஐஸ் பிக் மாதிரி ஒரு பேனா. கொலை ஆயுதத்த பேனாவாக்கிக் குடுக்கணும்னு மீட்டிங்ல யாருக்குத் தோணுச்சோ தெரியல. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன், கூட்டுல ஒரு ஓரம் விரிசல், பேனா எழுதவே இல்ல, வித்தவர்கிட்ட கேட்டதுக்கு "அது எழுதுறதுக்கு இல்ல சார், வைக்கிறதுக்கு"ன்னுட்டார். வாஸ்தவம்தான். வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் எடுத்துப் பாக்குறது அதைத்தான், டிஸ்க்க ஒருத்தரும் தொடுறதில்ல.

2007ல லயன்ஸ்கேட் ப்ளூரே வந்துச்சு. ரொம்ப வருஷம் அதுதான் எனக்கு ஆஸ்தான டிஸ்க், குறை சொல்லக் கூடாது, முழு ஸ்கோப், சரியான வேகம். ஆனா பெரிய டிவி வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது, இருட்டு சீனெல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு, மூஞ்சில டீட்டெயிலே இல்ல. இந்தப் படத்துல அது பெரிய குறை. கேத்தரின் பொய் சொல்றாளா இல்லையான்னு ஷரன் ஸ்டோன் மூஞ்சியப் பாத்துதான் முடிவு பண்ணணும், அவங்க நடிப்பே கண்ணுக்குக் கீழயும் உதட்டு ஓரத்துலயும்தான் இருக்கு.

அப்புறம் 2021ல ஸ்டுடியோகனால் 4கே ரெஸ்டோரேஷன் வந்துச்சு. படத்த எடுத்த கேரல்கோ கம்பெனி 1995ல திவாலாயிடுச்சு, அவங்க படங்களோட உரிமை பிரான்ஸ் பக்கம் போச்சு, அதனாலதான் ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ படத்துக்கு நல்ல டிஸ்க் பிரெஞ்சுக் கம்பெனிகிட்ட இருந்து வருது. ஒரிஜினல் நெகட்டிவ ஸ்கேன் பண்ணி, வெர்ஹோவன் மேற்பார்வையில செஞ்ச வேலை. முதல் தடவ பாத்ததவிட அடுத்தடுத்து பாக்கப் பாக்கத்தான் இதோட அருமை தெரியுது. கடலோர வீட்டுல கண்ணாடி வழியா வர்ற வெளிச்சம், கிளப் சீன்ல நீலமும் சிவப்பும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம நிக்கிறது, கேத்தரினோட கருப்பு லோட்டஸ் கார் மலைப்பாதைல வளைஞ்சு போறப்ப பாறையோட நிறம், எல்லாம் தனித்தனியா தெரியுது. கிரெயின், அதாவது பொடிப் பொடிப் புள்ளிகள், இருக்கு, ஃபிலிம்ல எடுத்த படம்னா இருக்கத்தான் செய்யும். அதப் பாத்து "டிஸ்க்ல குறை, புள்ளி புள்ளியா ஓடுது"ன்னு ஒன் ஸ்டார் போடுறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், டிவி செட்டிங்ல போயி மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் ரெண்டையும் அணைச்சிட்டு மறுபடி பாருங்க. ஸ்மூத்திங் ஆன்ல வச்சு இத பாத்தா சீரியல் மாதிரிதான் இருக்கும், கொலை நடந்த வீட்டுல மாமியார் மருமக சண்டைதான் பாக்கி.

ஆரம்பத்துல கொலை பண்றது யாருன்னு பாஸ் போட்டுக் கண்டுபிடிக்கிறதுன்னே ஒரு கோஷ்டி இருக்கு. கேசட்ல பாத்தாங்க, டிவிடில பாத்தாங்க, 4கேல நிச்சயம் தெரியும்னு நம்பி வாங்கினாங்க. தெரியாது. முடி மூஞ்சிய மறைச்சே இருக்கும், எத்தனை கே வந்தாலும் மறைச்சேதான் இருக்கும்.

4கே பத்தி பாத்தவங்க நடுவுல பெரிய விவாதம் வேற ஒண்ணு. அதே 2021ல ஷரன் ஸ்டோனோட சுயசரிதை வந்துச்சு. விசாரணை சீன்ல உள்ளாடை வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியுது, கழட்டிடுங்க, வேற எதுவும் தெரியாதுன்னு சொல்லித்தான் எடுத்தாங்க, அப்புறம் ஏஜென்ட், வக்கீல்னு ஒரு ரூம் ஆளுங்களோட உக்காந்து பாத்தப்பதான் உண்மை தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. வெர்ஹோவன் அத மறுக்குறார், அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரியும்ங்கிறது அவர் கட்சி. இத ரெண்டையும் படிச்சவங்க சிலர், அந்த ஷாட்ட இவ்வளவு துல்லியமா ரெஸ்டோர் பண்ணித்தான் ஆகணுமான்னு கேக்குறாங்க. வேற சிலர், தான் யோசிச்சுப் பாத்து அந்த ஷாட்ட படத்துல இருக்க விட்டேன்னு அந்தம்மாவே எழுதியிருக்காங்கல்ல, அப்புறம் நாம யாருங்கிறாங்க. என்னப் பொறுத்தவரைக்கும் படத்துல கை வைக்க வேண்டாம், ஆனா அந்த இடத்துல பழையபடி சாவகாசமா உக்காந்து பாக்க முடியலங்கிறதும் உண்மை. பாஸ் பட்டன் பக்கம் கை போகாது, போகவும் கூடாது.

படம் எடுக்கும்போதே சான் ஃபிரான்சிஸ்கோவுல தன்பாலின உரிமை அமைப்புகள் ஷூட்டிங் ஸ்பாட்டுக்கே வந்து போராட்டம் பண்ணாங்க, பெண்களை விரும்புற பெண் எல்லாம் கொலைகாரியாத்தான் இருக்கணுமான்னு. ரிலீஸ் அன்னைக்கு தியேட்டர் வாசல்லயே கொலைகாரி யாருங்கிற படத்தோட முடிவ போர்டுல எழுதிப் பிடிச்சு நின்னாங்க, த்ரில்லர் படத்துக்கு இதவிட நேரடியான அடி கிடையாது. டிஸ்க்ல இந்தப் பின்னணியோட படத்தப் பாக்கணும்னா கமெண்டரி, அதாவது படம் ஓட ஓட கூடவே பேசுற ஆடியோ ட்ராக், போட்டுக் கேளுங்க. வெர்ஹோவனும் டி போன்டும் சேந்து பேசுற ட்ராக் ஒண்ணு, லென்ஸ், லைட், எந்த ஷாட்ட எங்க மாத்தினோம்னு தொழில் பேச்சு. இன்னொண்ணு எழுத்தாளர் கமீல் பாலியா பேசுறது, பெண்ணியவாதிகள் நிறையப் பேரு திட்டுன படத்த இவங்க தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க, கேத்தரின கிட்டத்தட்ட தெய்வமாவே ஆக்கிடுறாங்க. எனக்கு பாதி உடன்பாடு கிடையாது, ஆனா சும்மா புகழ்றதுக்குன்னு பேசுற கமெண்டரிகள் நடுவுல இது மட்டும் சண்டைக்கு இழுக்குது, அதனாலயே திரும்பத் திரும்ப கேக்குறேன்.

வாங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு: ப்ளூரே டிஸ்க்குக்கு ரீஜன்னு ஒண்ணு உண்டு, எந்தப் பகுதி பிளேயர்ல ஓடும்ங்கிற பூட்டு அது, இந்தியாவுல ரீஜன் சி, பிரிட்டன், ஐரோப்பா எல்லாம் பி, அமெரிக்கா ஏ. அதனால வெளிநாட்டு ப்ளூரே லாக் பண்ணியிருந்தா நம்ம பிளேயர் துப்பிடும். 4கே டிஸ்க்குக்கு அந்த ரீஜன் தொல்லை கிடையாது, ஆனா அதே பெட்டிக்குள்ள கூட வர்ற ப்ளூரேக்கு இருக்கும், எக்ஸ்ட்ரா வீடியோ எது எந்த டிஸ்க்ல இருக்குன்னு பாத்துட்டு காசு போடுங்க. டிஸ்க் வேண்டாம், ஸ்ட்ரீமிங்லயே பாத்துக்குறேன்னா எந்த வெர்ஷன் ஓடுதுன்னு நேரத்த வச்சு கண்டுபிடிக்க முடியாது, வித்தியாசம் ஒரு நிமிஷம் கூட இல்ல. ஆரம்பத்துல ஐஸ் பிக் வர்ற இடத்துல கேமரா எவ்வளவு கிட்ட நிக்குதுன்னு பாருங்க, தெரிஞ்சிடும். மேலயும் கீழயும் கருப்புப் பட்டை இல்லாம டிவி முழுசா ரொம்பி ஓடுச்சுன்னா அது அன்கட்டா இருந்தாலும் பாக்காதீங்க.