புதுப் பட்டைக்குக் காசு வாங்கி, நீள ஷாக்கிள் மாட்டிய கதை: ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பின்புறம் தாழ்ந்துபோன மாருதி ஜிப்ஸியை உயர்த்தக் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. கோவையில் ஆஃப் ரோடு வண்டிகளுக்கென்றே நடத்தப்படும் ஒரு பட்டறை, பின்பக்கத்துக்குப் புதிய லீஃப் ஸ்பிரிங் (பட்டறை மொழியில் பட்டை: அடுக்கடுக்கான வளைந்த இரும்புத் தகடுகள்), ஷாக் அப்சார்பர், பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட், முனைகளில் வரும் ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போடுவதாகப் பேசி என்னிடம் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கியது. ஆனால் வண்டியில் இருந்தவை ஏற்கெனவே ஓடித் தேய்ந்த பட்டைகள். அவற்றுக்கு வளைவு ஏற்றிக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். போதாத உயரத்தை நீளமான ஷாக்கிள் (பட்டையின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) வைத்து ஈடுகட்டியிருந்தார்கள்.

நான் கேட்டது பெரிய வேலையே அல்ல. ஆனைகட்டிப் பக்கமுள்ள தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றி ஏற்றி வண்டியின் பின்புறம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. அது கம்பெனி உயரத்துக்குத் திரும்பினால் போதும். இதற்கான வழிகள் ஒன்றுக்கொன்று மாற்றானவை அல்ல என்பதைத் தெரிந்துகொண்டால்தான், பட்டறைக்காரர் எதைச் சொல்லி எதைச் செய்கிறார் என்பது பிடிபடும்.

முதலில் விசாரித்த வேறொரு இடத்தில், ஆக்சிலுக்கும் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தால் உயர்ந்துவிடும் என்றார்கள். பட்டை ஆக்சிலின் மேல் உட்காரும் வண்டிகளுக்கு அது பொருந்தும். ஜிப்ஸியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. அங்கே கட்டை வைத்தால் வண்டி உயராது, இன்னும் தாழும். ஜிப்ஸிக்குக் கட்டை வைக்கிறேன் என்று சொல்பவர் அந்த வண்டியின் அடியில் இதுவரை படுத்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பட்டையை ஆக்சிலின் மேலே தூக்கிப் போடுவது இன்னொரு வழி. அதில் ஐந்து அங்குலம் வரை உயரம் கிடைக்கும். ஆனால் ஆக்சிலில் பட்டை உட்காரும் புதிய இருக்கைகளைச் சரியான கோணத்தில் வெல்டிங் செய்ய வேண்டும், முன்புறத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஸ்டீயரிங் இணைப்புகளையும் திருத்த வேண்டும். தோட்டத்துக்குப் போய்வரும் வண்டிக்கு அது வேண்டாத வேலை.

மிஞ்சுபவை மூன்று: பழைய பட்டைக்கு வளைவு ஏற்றுவது, ஷாக்கிளை நீளமாக்குவது, புதிய பட்டை போடுவது. வளைவு ஏற்றுவதை முறையாகச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் வைத்துச் செய்தால் அதில் குற்றமில்லை. வெறுமனே சம்மட்டியால் அடித்து வளைத்தால் சில மாதங்களில் பழையபடி படிந்துவிடும், கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி அப்படியே விட்டால் இரும்பின் பதமே போய்விடும். ஷாக்கிள்தான் எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் வில்லங்கம். அதை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஒரு அங்குலம்தான். அது பட்டையின் பின்முனையில் இருப்பதால், நீளும்போது அந்த முனை மட்டும் கீழிறங்கி ஆக்சிலே திரும்புகிறது; ஆக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான கிரவுனின் மூக்கு மேல்நோக்கி எழுகிறது. எஞ்சின் பக்கமிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ்கள் (மடங்கும் இணைப்புகள்) ஏறத்தாழ ஒரே கோணத்தில் வேலை செய்தால்தான் ஒன்றின் அதிர்வை மற்றொன்று ஈடுகட்டும். அந்தச் சமம் குலைந்தால் வண்டி உதறத் தொடங்கும்.

என் வண்டியில் நடந்ததும் இதுதான். வேலை முடிந்து எடுத்துவந்த முதல் வாரத்திலேயே 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது வண்டியின் அடித்தளத்திலிருந்து ஓர் உதறல் வந்தது. சொன்னபோது, "புதுப் பட்டை சார், படியிற வரைக்கும் அப்படித்தாங்க இருக்கும்" என்றார்கள். பட்டை படிவதற்கும் ஷாஃப்ட் உதறுவதற்கும் தொடர்பே கிடையாது. பிறகு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டங்' என்று ஓர் அடி விழுந்தது. வளைவுகளில் பின்புறம் பக்கவாட்டில் அலைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் இடது பக்கம் மறுபடியும் தாழ்ந்துவிட்டது.

வேறு வேலையாக நாமக்கல் போயிருந்தபோது, லாரிகளுக்குப் பட்டை வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் எதையும் கழற்றச் சொல்லவில்லை. பட்டைகளின் நுனியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். மேல்பட்டையின் அடியில், கீழ்ப்பட்டையின் நுனி உரசி உரசி உண்டாக்கிய பள்ளம், நகம் சிக்கும் ஆழத்துக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளத்துக்குள்ளும் புதுப் பெயின்ட் இறங்கியிருந்தது. பட்டையின் நடுப்பகுதியில் வரிசையாகச் சம்மட்டித் தடங்கள் இருந்தன. "இது ஓடுன பட்டைங்க. பெயின்ட்டு மட்டுந்தான் புதுசு" என்றார். பட்டைக் கட்டில், தகடுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஒன்றுதான் உண்மையிலேயே புதியது.

பின் ஆக்சிலைத் தொங்கவிட்டு வண்டியைத் தூக்கியதும் மற்றவையும் தெரிந்தன. ஷாக்கிள் என்பது சாதாரணத் தகட்டை வெட்டித் துளை போட்ட இரண்டு துண்டுகள். இரண்டையும் இணைக்கும் குறுக்குப் பட்டி இல்லாததால்தான் பின்புறம் அலைந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் கம்பெனி நீளத்துடையது, ஆக்சிலோ ஷாக்கிளால் கூடுதலாக இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஆக்சிலை இழுத்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர்தான், 'டங்' என்ற சத்தம் அங்கிருந்துதான். இதையெல்லாம்விட எனக்குத் திக்கென்றது, பின் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) கம்பிபோல விறைத்து நின்றதைப் பார்த்தபோதுதான். மலைப்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் முழுதாக இறங்கியிருந்தால் அது அறுந்திருக்கக்கூடும். யூ போல்ட்களும் பழையவையே. ஒருமுறை முறுக்கி நீண்டுபோன யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது லாரிப் பட்டறைகளில் எடுபிடிப் பையனுக்கும் தெரிந்த விஷயம். புஷ்கள் புதியவைதான். ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியதால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அதற்குள் கிழிந்திருந்தன. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே அந்த இறுக்கம் கொடுக்க வேண்டும்.

படங்களோடு கோவைப் பட்டறைக்குப் போனேன். முதலில் மறுத்தார்கள்; பிறகு, உயரம்தானே கேட்டீர்கள், உயரம் வந்ததல்லவா என்றார்கள். கழற்றிய பழைய பட்டைகள் எங்கே என்று கேட்டதற்கு, எடைக்குப் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. கிரவுனுக்குக் கீழே ஆப்பு வைத்து உதறலை இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்பதுதான் அவர்கள் கடைசியாக இறங்கிவந்த எல்லை. பில்லில் 'பின் சஸ்பென்ஷன் லிஃப்ட் வேலை' என்ற ஒரே வரி. அந்த ஒரு வரிதான் அவர்களுக்குப் பிடிமானம், ஏனென்றால் மேலே சொன்ன எல்லா வழிகளும் அந்த வரிக்குள் அடங்கிவிடும். நல்லவேளையாக, புதிய பட்டைகள், புதிய ஷாக் அப்சார்பர் என்று விலை பிரித்து அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் என்னிடம் இருக்கிறது.

சட்டச் சிக்கலும் இதில் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விழலாம். தேய்ந்த பட்டைக்குப் பதில் கம்பெனி அளவிலேயே புதிது போடுவது பழுதுபார்ப்புதான். என்னைக் கேட்காமல் மாட்டிய நீள ஷாக்கிள் அப்படியல்ல. ஆனைகட்டி தாண்டி அட்டப்பாடிக்குள் நுழைந்தால் கேரள மோட்டார் வாகனத் துறை கேட்கப்போவது பட்டறைக்காரரை அல்ல, ஆர்சியில் பெயர் உள்ளவரைத்தான்.

கொடுக்கத் துணிந்தவர்கள், வீல் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பழைய பட்டைகளில் அழியாத அடையாளம் ஒன்று போட்டுவைத்து, கழற்றியவற்றைத் திருப்பிக் கேளுங்கள். புதுப் பட்டையைப் பெயின்ட் அடிக்கும் முன்பே, மாட்டும் முன்பே பாருங்கள். எந்த வழியில் உயர்த்துகிறார்கள் என்பதும் ஒவ்வொரு பாகமும் பில்லில் தனித்தனி வரியாக வர வேண்டும். வண்டியை எடுக்கும் முன் ஆக்சிலைத் தொங்கவிடச் சொல்லி, பிரேக் ஹோஸில் தளர்வு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

நான் நாமக்கல்லிலேயே கம்பெனி அளவில் புதுப் பட்டையும் ஷாக்கிளும் போட்டு, பிரேக் ஹோஸையும் மாற்றிவிட்டேன், உதறல் நின்றுவிட்டது. கழற்றிய பட்டைகள், தகடு ஷாக்கிள், வாட்ஸ்அப் பட்டியல், பில், அந்தப் பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு அங்கே கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இதே வேலைக்கு இதே மாதிரி ஒற்றை வரி பில் வாங்கியவர்கள் இருந்தால், பட்டையின் நுனியில் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள்.